பாஸ்வேர்டை மாற்றினால் வேலை நிற்குமா? ஒரு பிம் வழக்கின் கதை

ஃபாக்லாந்து தீவுகளை வரைபடத்தில் தேடினால் அர்ஜென்டினாவுக்குக் கிழக்கே தெற்கு அட்லாண்டிக்கில் கிடைக்கும். 1982இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் சண்டை போட்ட இடம். சண்டை முடிந்ததும் பிரிட்டன் அங்கே மவுன்ட் பிளசன்ட் என்ற இடத்தில் நிரந்தரமாக ஒரு ராணுவத் தளம் அமைத்தது. 1985இல் அதன் ஓடுதளம் திறக்கப்பட்டது. லண்டனிலிருந்து 12,000 கிலோமீட்டருக்கு மேல். காற்றும் குளிரும் மட்டும் தாராளமாக இருக்கும் ஊர், ஒரு போல்ட் குறைந்தால்கூட அது கப்பலிலோ விமானத்திலோ வந்தாக வேண்டும்.

அந்தத் தளத்துக்கு மின்சாரம் தயாரிக்கும் நிலையம் ஒன்று கட்டும் வேலையை பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் டிரான்ட் இன்ஜினியரிங் என்ற இங்கிலாந்து கான்ட்ராக்டருக்குக் கொடுத்தது. சுமார் 5.5 கோடி பவுண்டு வேலை. டிரான்ட், வடிவமைப்பு ஆலோசனைக்கு மாட் மெக்டொனால்ட் நிறுவனத்தைப் பிடித்தது. இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் நடந்த வழக்கு, 2017 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றத்தின் தொழில்நுட்பம் மற்றும் கட்டுமானப் பிரிவில் நீதிபதி ஓ'ஃபாரல் முன் வந்தது. பிம் (Building Information Modelling), அதாவது கட்டடத்தைத் தகவல் நிறைந்த முப்பரிமாண மாடலாகக் கணினியில் உருவாக்கும் முறை, அது தொடர்பாக இங்கிலாந்து நீதிமன்றங்கள் சொன்னவை மிகக் கொஞ்சம். அதில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

ஆனால் வழக்கின் மையத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முப்பரிமாண மாடல் தப்பு, கிளாஷ் (பைப்பும் பீமும் போல இரண்டு பாகம் ஒரே இடத்தில் மோதுவது) கண்டுபிடிக்கவில்லை, மென்பொருள் கோளாறு என்று எதுவும் இல்லை. கான்ட்ராக்டரின் ஆட்கள் லாகின் செய்யப் போனார்கள், பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. அவ்வளவுதான் வழக்கு.

பிம்முக்குப் புதியவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ஒரு திட்டத்தில் ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல், எலெக்ட்ரிக்கல், பைப்பிங் என்று ஒவ்வொருவரும் தங்கள் மாடலையும் டிராயிங்கையும் ஒரே பொது இடத்தில் வைப்பார்கள். இதைப் பொதுத் தரவுத் தளம் என்று சொல்லலாம். கோப்பு அங்கே 'வேலை நடக்கிறது', 'பகிரப்பட்டது', 'வெளியிடப்பட்டது', 'காப்பகம்' என்று நிலை மாறிக்கொண்டே போகும். முதலில் பிரிட்டிஷ் தரநிலையாக இருந்த இந்த முறை 2018இல் ஐஎஸ்ஓ 19650 ஆகி இப்போது உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. பிரிட்டிஷ் மத்திய அரசுத் துறைகளின் திட்டங்களில் 2016 ஏப்ரலிலேயே பிம் இரண்டாம் நிலை (ஆளுக்கொரு மாடல் செய்து பொதுத் தளத்தில் பகிர்ந்துகொள்ளும் நிலை) கட்டாயமாக்கப்பட்டது. துபாய் மாநகராட்சியும் 2010களின் நடுவிலேயே பெரிய கட்டடங்களுக்குச் சுற்றறிக்கை போட்டுவிட்டது, சிங்கப்பூர் அதற்கும் முன்னால் 2013இல் ஆரம்பித்து 2015க்குள் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் பிம் சமர்ப்பிப்பைக் கட்டாயமாக்கியது.

இதில் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு விஷயம்: அந்தப் பொது இடம் யாருடைய பெயரில், யாருடைய கணக்கில், யாருடைய சர்வரில் இருக்கிறது என்பது. நம் ஊர் சைட்டில் இதைக் கேட்டால் "கன்சல்டன்ட் பார்த்துப்பாங்க சார்" என்பார்கள். மவுன்ட் பிளசன்ட்டிலும் அப்படித்தான். கன்சல்டன்ட்தான், அதாவது மாட் மெக்டொனால்ட்தான், பொதுத் தரவுத் தளத்தை நடத்தினார், கன்சல்டன்ட்தான் பாஸ்வேர்டு கொடுத்தார்.

காகித டிராயிங் காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஆர்க்கிடெக்ட் பணம் வரவில்லை என்று கோபித்துக்கொண்டால் அடுத்த டிராயிங்கைக் கொடுக்க மாட்டார். ஆனால் ஏற்கெனவே கொடுத்த ப்ரின்ட் சைட் ஆபீஸில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும், டீ கறையோடு, யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போக மாட்டார்கள். பொதுத் தளத்தில் 'கொடுப்பது' என்பது உண்மையில் கொடுப்பதில்லை, பார்க்க விடுவது. விட்ட கதவை எப்போது வேண்டுமானாலும் சாத்தலாம். இந்த வித்தியாசம்தான் மொத்த வழக்கும்.

சரி, ஏன் சாத்தினார்கள்? எல்லாக் கட்டுமானச் சண்டையிலும் இருக்கும் அதே காரணம், பணம். வேலையின் அளவு எது, அதற்கு எவ்வளவு கட்டணம் என்பதில் இரு தரப்புக்கும் ஒத்துவரவில்லை. கன்சல்டன்ட் இன்வாய்ஸ் போட்டார், கான்ட்ராக்டர் அவ்வளவு தர வேண்டியதில்லை என்றார். கன்சல்டன்ட் வேலையை நிறுத்தினார், கூடவே தளத்துக்கான அனுமதியையும் எடுத்துவிட்டார். இதில் இன்னொரு வேடிக்கை, இரு தரப்புக்கும் நடுவில் கையெழுத்தான ஒப்பந்தமே இல்லை. வரைவு இருந்தது, வேலை நடந்தது, கொஞ்சம் பணமும் கை மாறியது. கையெழுத்து மட்டும் விழவில்லை. எந்த நிபந்தனைகள் பொருந்தும், ஒப்பந்தம் என்று ஒன்று உருவானதா என்பதே தகராறு.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கும் வளைகுடா நண்பர்கள் தங்கள் ஆபீஸில் இப்போது ஓடும் எத்தனை சப்-கன்சல்டன்ட் வேலைகளுக்குக் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். 'லெட்டர் ஆஃப் இன்டென்ட் கொடுத்தாச்சு, ஒப்பந்தம் லீகலில் இருக்கு' என்ற வாக்கியத்தை நான் கேட்காத திட்டமே கிடையாது.

கன்சல்டன்ட் பக்கம் நின்று பார்ப்போம், ஏனென்றால் அவர் செய்ததை ஏதோ வில்லத்தனமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஷட்டரிங் மேஸ்திரிக்குப் பில் வரவில்லை என்றால் அவர் ஷீட்டும் ஜாக்கியும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மெக்கானிக் ஷெட்டில் விட்ட வண்டிக்குக் காசு கொடுக்காமல் சாவி கிடைக்காது. கையில் இருப்பதைப் பிடித்து வைப்பதுதான் வேலை செய்பவனுக்கு இருக்கும் ஒரே பிடி. அதுவும் வடிவமைப்பாளருக்கு இருக்கும் பிடி இன்னும் சின்னது: மூளையிலிருந்து வெளியே வந்து கோப்பாகிவிட்ட பிறகு அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை.

ஆனால் சட்டம் வண்டிக்கும் கோப்புக்கும் ஒரே மரியாதை தருவதில்லை. ரிப்பேர் செய்தவர் வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமைக்குப் பற்றுரிமை என்று பெயர். அது கையில் பிடிக்கக்கூடிய பொருள்களுக்கு உரியது. 2014இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒரு பத்திரிகை நிறுவனத்தின் சந்தாதாரர் தரவுத்தளத்தைப் பராமரித்த கம்பெனி, கட்டணம் வராததால் தரவைத் திருப்பித் தர மறுத்தது. மின்னணுத் தரவு தொட்டுணரும் பொருள் அல்ல, அதன்மேல் பொதுச்சட்டப் பற்றுரிமை கிடையாது என்று தீர்ப்பு. யுவர் ரெஸ்பான்ஸ் – டேட்டாடீம் வழக்கு என்று அதற்குப் பெயர். கட்டுமானத்துக்குச் சம்பந்தமே இல்லாத வழக்கு, ஆனால் பிம் மேனேஜர்கள் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பாஸ்வேர்டைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் அந்த உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும், சட்டம் தானாகக் கொடுக்காது.

கான்ட்ராக்டர் கேட்டது இறுதித் தீர்ப்பு அல்ல. வழக்கு நடந்து முடியும்வரை கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள் என்ற இடைக்கால உத்தரவு. பொதுவாக இடைக்கால உத்தரவு 'இதைச் செய்யாதே' என்று வரும். 'இதைச் செய்' என்று வந்தால் அது செயலுறுத்துக் கட்டளை, நீதிபதிகள் அதைத் தர யோசிப்பார்கள், ஏனென்றால் கடைசியில் கேட்டவர் தோற்றால் செய்ததைப் பின்னோக்கித் திருப்ப முடியாமல் போகலாம்.

இதற்கான அளவுகோல் 1975இல் அமெரிக்கன் சயனமைட் வழக்கில் வந்தது, மருந்துக் கம்பெனிகளின் சண்டை அது. விசாரிக்க வேண்டிய உண்மையான கேள்வி ஒன்று இருக்கிறதா, பின்னால் பணமாகக் கொடுத்தால் ஈடாகிவிடுமா, இல்லையென்றால் எந்தப் பக்கம் பாரம் அதிகம் என்று மூன்று கேள்வி. செயலுறுத்துக் கட்டளை என்றால் இதற்கு மேல் ஒரு படி: கேட்பவருக்கு அந்த உரிமை இருந்தது என்று கடைசியில் நிரூபணமாகும் என்பதில் நீதிபதிக்கு நல்ல உறுதி வர வேண்டும்.

நீதிபதி ஓ'ஃபாரலுக்கு அந்த உறுதி வந்தது. எல்லாத் தரவுக்கும் அல்ல, இதைக் கவனிக்க வேண்டும்: ஏற்கெனவே பொதுக் கோப்புறைகளில் போடப்பட்டுவிட்ட வடிவமைப்புத் தரவுக்கு மட்டும். கன்சல்டன்ட்டின் உள் கணக்குத் தாள்கள், பாதி முடிந்த மாடல்கள், இனிமேல் செய்ய வேண்டிய வேலை எதுவும் இதில் வராது. பகிர்ந்தாகிவிட்டது, பகிர்ந்ததைப் பயன்படுத்தும் உரிமம் கான்ட்ராக்டருக்கு இருக்கிறது என்ற வாதம் வலுவானது என்பதுதான் முடிவு. பண ஈடு போதாது என்றும் கருதினார். வடிவமைப்புத் தரவு இல்லாமல் திட்டமே ஓடாது. மறுபக்கம் கன்சல்டன்ட்டுக்கு என்ன நஷ்டம்? கட்டணம்தான். கட்டணம் என்பது பணம், பணத்தைப் பணத்தால் ஈடு செய்யலாம். அனுமதியைத் திருப்பிக் கொடு என்று உத்தரவானது.

இந்த முடிவு சரிதானா என்று கேட்டால், அந்த வழக்கின் உண்மைகளில் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அதன் பின்விளைவு சப்-கன்சல்டன்ட்களுக்குக் கொஞ்சம் கசப்பானது. 'பகிரப்பட்டது' என்ற நிலைக்கு ஒரு கோப்பைத் தள்ளும் அந்த ஒரு கிளிக், ஆபீஸில் இரண்டு வருட அனுபவமுள்ள பையன் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் செய்வது, அந்தக் கிளிக்கோடு பேரம் பேசும் பலமும் போய்விடுகிறது. முன்பு டிராயிங்கைக் கையெழுத்துப் போட்டு அனுப்பும்போது சீனியர் ஒருவர் பார்ப்பார். இப்போது அது ஒரு ட்ராப்-டவுன்.

இனி வெளிநாடு என்ற விஷயத்துக்கு வருவோம், எனக்கு இந்த வழக்கில் அதிகம் பிடித்த பகுதி இதுதான், தீர்ப்பில் பேசப்பட்டதை விடப் பேசத் தேவைப்படாதது. இங்கிலாந்தில் ஒரு சப்-கன்சல்டன்ட்டுக்குப் பணம் வரவில்லை என்றால் அவருக்கு 1996ஆம் ஆண்டுக் கட்டுமானச் சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்தும் உரிமை அதில் உண்டு, 28 நாளில் முடிவு சொல்லும் விரைவு நடுவரிடம் போகும் உரிமையும் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் 104ஆம் பிரிவைப் படித்தால், இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் நடக்கும் கட்டுமானம் தொடர்பான ஒப்பந்தங்களுக்கு மட்டும் என்று இருக்கிறது. ஃபாக்லாந்து பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்தாலும் அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது இரண்டும் இங்கிலாந்துக் கம்பெனிகள், வடிவமைத்தவர் உட்கார்ந்திருப்பது இங்கிலாந்து ஆபீஸில், ஆனால் கான்கிரீட் விழுவது தெற்கு அட்லாண்டிக்கில். சட்டம் பார்ப்பது கான்கிரீட் விழும் இடத்தை. ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் மட்டுமே அந்த வசதிகள் உண்டு, இங்கே கையெழுத்தே ஆகவில்லை.

வெளிநாட்டுத் திட்டத்துக்கு டிராயிங் போடும் நம் ஊர்க் கம்பெனிகள் பெரும்பாலும் இதை யோசிப்பதே இல்லை. சென்னையில் ஓஎம்ஆரில் உட்கார்ந்து ரியாத் ஸ்டேஷனுக்கு மாடல் செய்கிறோம், வாடிக்கையாளர் பிரிட்டிஷ் கம்பெனி, சர்வர் எங்கேயோ. கட்டணம் நின்றால் எந்த ஊர்ச் சட்டம்?

மவுன்ட் பிளசன்ட் வழக்கில் ஒரு சௌகரியம் இருந்தது. இரு தரப்பும் லண்டன் நீதிமன்றத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார்கள். உத்தரவு போட்டால் பாஸ்வேர்டு திரும்ப வந்துவிடும், வராவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு. இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ஃபிடிக் (பன்னாட்டுத் திட்டங்களில் பயன்படும் மாதிரிக் கட்டுமான ஒப்பந்தம்) ஒப்பந்தம், தகராறுக்கு முதலில் தகராறு வாரியம், அப்புறம் பன்னாட்டு நடுவர் மன்றம். ஃபிடிக்கின் 2017 பதிப்பில் வாரியம் முடிவு சொல்ல 84 நாள். சைட்டில் ஃபவுண்டேஷன் கம்பி கட்டிக்கொண்டிருக்கும்போது 84 நாள் காத்திருந்தால் கம்பி துருப்பிடித்துவிடும். பாரிஸில் உள்ள பன்னாட்டு வர்த்தகச் சபையின் (ஐசிசி) நடுவர் விதிகளில் 2012லிருந்து அவசர நடுவர் என்ற ஏற்பாடு இருக்கிறது, கோப்பு கைக்கு வந்து 15 நாளில் உத்தரவு தர வேண்டும் என்று பொதுக் கணக்கு. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே அது கட்டும். தளத்தை நடத்துவது சப்-கன்சல்டன்ட்டின் சப்-கன்சல்டன்ட் என்றால்? சந்தா கட்டவில்லை என்று மென்பொருள் கம்பெனி பூட்டினால்? அவர்கள் யாரும் அந்த மேசையில் இல்லை.

இரண்டாவதை நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். வளைகுடாவில் ஒரு திட்டம், பெயர் வேண்டாம். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. தளத்தின் சந்தா யாருடைய பட்ஜெட்டில் என்பதில் இரண்டு ஆபீஸுக்கு நடுவில் மின்னஞ்சல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது, புதுப்பிக்கும் தேதி தாண்டிவிட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யாராலும் உள்ளே போக முடியவில்லை. மூன்று நாள் சைட் இன்ஜினியர்கள் வாட்ஸ்அப்பில் வந்த பழைய பிடிஎஃப்பை வைத்து வேலை பார்த்தார்கள். அதில் ஒரு ஸ்லீவ் (பைப் போகக் கான்கிரீட்டில் விடும் ஓட்டை) தப்பான இடத்தில் போனது, கான்கிரீட்டைத் திரும்பத் துளைக்கும் கோர் கட்டிங் செலவை யார் தலையில் போடுவது என்பது அடுத்த ஆறு மாதச் சண்டை.

மாதிரி ஒப்பந்தங்கள் இதற்கெல்லாம் என்ன சொல்கின்றன என்று பார்த்தால், ஆளுக்கொரு திசை. ஃபிடிக் 2017 பதிப்பில் பிம்முக்கு என்று தனி ஷரத்து கிடையாது. பின்னால் வழிகாட்டிப் பகுதியில் சில பக்க ஆலோசனைக் குறிப்புதான், எந்தெந்த ஷரத்துகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று. ஆவணங்களுக்கான பழைய 1.10ஆம் ஷரத்துதான் மாடலுக்கும்: பதிப்புரிமை கான்ட்ராக்டரிடமே இருக்கும், முதலாளிக்கு (கட்டடத்தைக் கட்டச் சொல்பவர்) ரத்து செய்ய முடியாத உரிமம். ஒப்பந்தம் கான்ட்ராக்டரின் தவறால் முறிந்தால் ஆவணங்களை முதலாளி பயன்படுத்திக்கொள்ளலாம், முதலாளி தன் வசதிக்காக முறித்தாலோ கான்ட்ராக்டரே முறித்தாலோ எதற்குப் பணம் கொடுத்தாரோ அதற்கு மட்டும் உரிமை. நியாயமான ஏற்பாடுதான், தனித்தனி டிராயிங்குக்கு. ஒரே மாடலுக்குள் பணம் கொடுத்த பீமும் பணம் கொடுக்காத டக்ட்டும் கலந்து கிடக்கும்போது எதைக் கிழித்து எதைக் கொடுப்பது?

பிரிட்டனின் இன்னொரு மாதிரி ஒப்பந்தமான என்இசியின் நான்காம் பதிப்பு, அதே 2017இல் வந்தது, எக்ஸ்10 என்று ஒரு விருப்ப ஷரத்து வைத்திருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டால் தகவல் மாடல் வாடிக்கையாளருக்கே சொந்தம், வேறு மாதிரி எழுதினால் தவிர. ஃபிடிக்கில் உரிமம், என்இசியில் உடைமை. மேல் ஒப்பந்தம் என்இசியிலும் கீழ் ஒப்பந்தம் கன்சல்டன்ட்டின் சொந்த நிபந்தனைகளிலும் இருந்தால், தன்னிடம் இல்லாததை மேலே விற்றவராகக் கான்ட்ராக்டர் நடுவில் மாட்டுவார். பிரிட்டனில் 2013இல் வந்து 2018இல் திருத்தப்பட்ட சிஐசி பிம் நெறிமுறையும் உண்டு, எந்த ஒப்பந்தத்தோடும் ஒட்டவைத்துக்கொள்ளலாம். உரிமம், மின்னணுத் தரவு கெட்டுப்போனால் பொறுப்பு, தகவல் மேலாளரை நியமிப்பது எல்லாம் அதில் வருகிறது.

இத்தனையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: எல்லாத் தாள்களும் உரிமத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன, சாவியைப் பற்றி ஒரு வரிதான், அதுவும் இருந்தால். உரிமம் என்பது பயன்படுத்தலாம் என்ற அனுமதி, லாகின் என்பது பயன்படுத்த முடிவது. ஆர்க்கிடெக்ட்டின் டிராயிங்கை அந்த இடத்தில் அந்தக் கட்டடத்துக்குப் பயன்படுத்தச் சொல்லாமலே உரிமம் உண்டு என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1971லேயே பிளேர் வழக்கில் சொல்லியாயிற்று. உரிமம் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் கோப்பு.

கோப்பு என்றால் எந்தக் கோப்பு என்பது இன்னொரு பூதம். பிடிஎஃப் கொடுத்தால் கொடுத்தாயிற்றா? ஐஎஃப்சி (மென்பொருள்களுக்கு இடையே மாடலைப் பரிமாறும் பொதுக் கோப்பு வடிவம்) கொடுத்தால்? அது ஐஎஸ்ஓ தரநிலைதான், பெரும்பாலான பிம் மென்பொருள்கள் படிக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு வடிவமைப்பைத் தொடர முயன்றவர்களுக்குத் தெரியும் அதன் கஷ்டம். பார்க்கலாம், அளக்கலாம், சுவரை இழுத்து நகர்த்தினால் ஜன்னல் கூடவே நகராது. மாடல் செய்த மென்பொருளான ரெவிட்டின் மூலக் கோப்பு வேண்டும், அதுவும் எந்த வருடப் பதிப்பு என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழையதில் திறக்க முடியாது. 'அணுகல் தரப்படும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாகப் போன வக்கீலுக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை.

தீர்ப்பு வரை போகாமல் தீர்ந்த இன்னொரு தகராறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பிம்மின் மறுபக்கம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆய்வகக் கட்டடம். 2011 வாக்கில் காப்பீட்டு வட்டாரம் பிம் சம்பந்தமான முதல் இழப்பீட்டுக் கோரிக்கை என்று பேசியது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே டக்ட், பைப், கேபிள் எல்லாவற்றையும் மாடலில் அழகாகத் திணித்திருந்தார்கள், ஒன்றும் இடிக்கவில்லை. சைட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் மாட்டியபின் இடம் தீர்ந்துவிட்டது. காரணம், மாடலில் உள்ளபடி பொருந்த வேண்டுமானால் குறிப்பிட்ட வரிசையில் மட்டுமே மாட்ட வேண்டும். அந்த வரிசையை வடிவமைப்பாளர்கள் கான்ட்ராக்டருக்குச் சொல்லவில்லை. கான்ட்ராக்டர் முதலாளிமேல், முதலாளி ஆர்க்கிடெக்ட்மேல், அப்புறம் மின் மற்றும் இயந்திரப் பொறியாளரும் இழுக்கப்பட்டு, கடைசியில் கோடிக்கணக்கில் சமரசம்.

நம் வீட்டு சூட்கேஸில் அம்மா அடுக்கியதை நாம் ஒருமுறை வெளியே எடுத்தால் திரும்ப மூட முடியாதே, அதே கதை. மாடலில் எல்லாம் ஒரே நொடியில் அந்தரத்தில் தோன்றுகிறது, ஃபிட்டருக்கு ஏணியும் ஸ்பேனரும் கையும் நுழைய இடம் வேண்டும். சட்டத்தில் இதற்குப் பெரிய புதுமை தேவைப்படவில்லை, எச்சரிக்க வேண்டிய கடமை என்ற பழைய சங்கதிதான். ஆனால் மாடலில் கிளாஷ் இல்லை என்று ஒரு பச்சை அறிக்கை கையில் இருந்தால் மனிதர்கள் பேசிக்கொள்வதை நிறுத்திவிடுகிறார்கள், அந்தப் பழக்கத்துக்கு எந்த ஷரத்தும் மருந்தில்லை.

கடைசியாக நம் பக்கத்துக்கு ஒரு விஷயம். சென்னை, கோவை ஆபீஸ்களில் வெளிநாட்டுத் திட்டங்களுக்கு மாடல் செய்பவர்கள் எல்லோருமே சம்பள ஊழியர்கள் இல்லை. வேலை குவியும்போது வெளியில் ஃப்ரீலான்ஸ் ஆட்களிடம் ஃபேமிலி (மாடலில் திரும்பத் திரும்ப வரும் கதவு, ஜன்னல் போன்ற பாகங்கள்) செய்யக் கொடுப்பார்கள், ஒரு முழு மாடியைக்கூடக் கொடுப்பார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957ஆம் ஆண்டுடையது, 17ஆம் பிரிவில் ஊழியர் வேலையில் செய்தது முதலாளிக்குச் சொந்தம் என்கிறது. ஃப்ரீலான்ஸர் ஊழியர் அல்ல. அவரிடமிருந்து எழுத்தில் மாற்றி வாங்க வேண்டும். இங்கேதான் 19ஆம் பிரிவு ஒரு கொக்கி வைத்திருக்கிறது: எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும், எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

கட்டடம் தோஹாவில். மாடலைக் கட்டி முடித்தபின் பராமரிப்புக்கு 30 வருடம் வைத்திருக்கப்போவதாக முதலாளி கனவு காண்கிறார். மேலே ஃபிடிக் 1.10 அவருக்கு ரத்து செய்ய முடியாத உரிமம் தருகிறது. கீழே சங்கிலியின் கடைசிக் கண்ணியில், அரைப் பக்க மின்னஞ்சலில் வேலை வாங்கிய ஃப்ரீலான்ஸரிடமிருந்து வந்த உரிமை, இந்தியாவுக்குள் ஐந்து வருடம், அதுவும் எழுத்தில் ஏதாவது இருந்தால். இதுவரை யாரும் இதைத் தூக்கிக்கொண்டு வழக்குக்குப் போய் நான் பார்க்கவில்லை, ஆனால் பாஸ்வேர்டை வைத்து ஒரு வழக்கு வரும் என்றும் 2016இல் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போதெல்லாம் புதுத் திட்டத்தின் முதல் கூட்டத்தில், எல்லோரும் பிம் செயல்திட்டத்தின் வண்ண ஸ்லைடுகளைக் காட்டி முடித்தபின், நான் சலிப்பூட்டும் கேள்விகள் சிலவற்றைக் கேட்பேன். தளத்தின் கணக்கு யார் பெயரில்? நிர்வாகி லாகின் இரண்டாவது ஒருவரிடம் இருக்கிறதா? வாரம் ஒருமுறை மூலக் கோப்புகள் நம் சொந்த சர்வருக்கு இறங்குகின்றனவா, எந்தப் பதிப்பில்? பணத் தகராறு வந்தால் அனுமதியை எத்தனை நாள் நோட்டீஸில் நிறுத்தலாம், அல்லது நிறுத்தவே கூடாதா, நிறுத்தக் கூடாது என்றால் அதற்குப் பதிலாகக் கன்சல்டன்ட்டுக்கு என்ன பாதுகாப்பு, தகராறுத் தொகையை மூன்றாம் ஆளின் கணக்கில் போட்டு வைப்பீர்களா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மௌனம்தான், பிறகு யாராவது "அதை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது பார்த்துக்கலாம்" என்பார்கள்.